வராதவரை யார் தேடுகிறார்கள்?
முன்னாள் படைவீரர் சங்கம் நடத்துவோர் கேள்வி – பதில்

சிங்கப்பூரில் கட்டாயத் தேசிய சேவை முடித்தவர்கள், ஓய்வுபெற்ற படைவீரர்கள், காவல்துறையிலும் குடிமைத் தற்காப்புப் படையிலும் இருந்தவர்கள் சேர்ந்து நடத்தும் சிறு சங்கங்களிலிருந்து வந்த கடிதங்கள் இந்த இதழில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். பதிவேட்டின்படி எங்கள் சங்கத்தில் 140 பேர். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்கள் 18 பேர். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கூட்டத்தை நடத்தினோம். தேர்தல், கணக்கு எல்லாம் முடிந்தன. அதே கூட்டத்தில் சந்தாவை உயர்த்த விதியையும் திருத்தினோம். அந்தத் திருத்தம் செல்லாது என்று ஓர் உறுப்பினர் எழுதியிருக்கிறார். யார் சொல்வது சரி?
– செயலாளர், ஈசூன்

பதில்: அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். உங்கள் சட்டவிதிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சங்கப் பதிவகம் தரும் மாதிரி விதியை அப்படியே எடுத்துக்கொண்ட சங்கங்கள்தாம் இங்கே அதிகம். அந்த மாதிரி விதியின்படி, வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் 25 விழுக்காடு அல்லது 30 பேர், இரண்டில் எது குறைவோ அது கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை. அவ்வளவு பேர் வராவிட்டால் அரை மணி நேரம் ஒத்திவைக்கலாம். அதன் பிறகு இருப்பவர்களே கோரம். ஆனால் அவர்களுக்குச் சட்டவிதியைத் திருத்தும் அதிகாரம் கிடையாது. இந்தக் கடைசி வரியைத்தான் பலரும் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆக, உங்கள் தேர்தலும் கணக்கும் நிற்கும், திருத்தம் நிற்காது. சந்தாத் தொகை விதியிலேயே எழுதப்பட்டிருந்தால், சிறப்புப் பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டுங்கள். மாதிரி விதியில் அதற்கு 10 நாள் முன்னறிவிப்பு, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 2 வாரம். வந்திருக்கும் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும். பிறகு பதிவகத்தின் ஒப்புதலும் வர வேண்டும். அதற்கு முன் புதிய சந்தாவை ஒரு வெள்ளிகூட வசூலிக்காதீர்கள். ஆண்டு அறிக்கையைப் பொதுக்கூட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் இந்தச் சச்சரவில் மறந்துவிட வேண்டாம்.

உங்கள் உண்மையான சிக்கல் 140 என்ற எண்ணில் இருக்கிறது. அதில் எத்தனை பேர் காலமாகிவிட்டார்கள், எத்தனை பேர் ஜோகூருக்கோ பிள்ளைகளுடன் ஆஸ்திரேலியாவுக்கோ போய்விட்டார்கள், எத்தனை பேர் மூன்று ஆண்டாகச் சந்தா கட்டவில்லை? 140 பேருக்கு நான்கில் ஒரு பங்கு 35. எனவே 30 பேர் தேவை. பதிவேட்டைச் சுத்தம் செய்து உண்மையில் 92 பேர்தான் என்று தெரிந்தால் 23 பேர் போதும். 120க்குக் கீழே வந்தால்தான் நான்கில் ஒரு பங்கு என்னும் விதி உங்களுக்குக் கைகொடுக்கும்.

அதற்காகக் கணினியில் உட்கார்ந்து பெயர்களை அழித்துவிடக் கூடாது. பாக்கி வைத்தவருக்குப் பொருளாளர் முதலில் தெரிவிக்க வேண்டும், இத்தனை மாதம் கட்டாவிட்டால் உறுப்பினர் நிலை போகும் என்று உங்கள் விதியே சொல்லும். கடிதத்துக்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு. பாதிப் பேர் கட்ட மறந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

அடுத்த கூட்டத்தை வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு வைக்காதீர்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருட்டில் பேருந்து மாறித் திரும்ப விரும்புவதில்லை. ஞாயிறு காலை 10.30 நல்ல நேரம். கூட்டம் முடிந்து பிரியாணி, சைவம் உண்பவர்களுக்குத் தனியாக எண்ணிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை முதலில் போட்டால் கணக்கு வாசிக்கும்போது நாற்காலிகள்தான் மிஞ்சும்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 110 பேர். நாள் தவறாமல் காலை வணக்கப் படம், பூப்படம், முருகன் படம் எல்லாம் வருகின்றன. ஆனால் போன ஆண்டு எங்கள் உறுப்பினர் ஒருவர் இறந்தது மூன்று வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– துணைத் தலைவர், புக்கிட் பாத்தோக்

பதில்: யார் பேசுகிறார் என்பதை வாட்ஸ்அப் காட்டும். யார் பேசாமல் போனார் என்பதைக் காட்டாது. சங்கத்துக்குத் தெரிய வேண்டியதோ இரண்டாவதுதான்.

நீங்கள் பழகிய ஏற்பாடு ஒன்று இருக்கிறதே! நம் காலாட்படையில் ஒரு செக்‌ஷனுக்கு 7 பேர். அதே கணக்கில் உறுப்பினர்களைப் பிரியுங்கள். அழைப்பவர் ஒருவர், அவர் பொறுப்பில் 6 பேர். 110 பேருக்கு 16 செக்‌ஷன். அழைப்பவர் செயற்குழுவில் இருக்க வேண்டியதில்லை. முழங்கால் வலியால் எந்த நிகழ்ச்சிக்கும் வர முடியாதவர்தான் பெரும்பாலும் சிறந்த அழைப்பாளர். வீட்டில் இருக்கிறார், நேரம் இருக்கிறது, தமக்கும் ஒரு வேலை இருக்கிறதே என்று மகிழ்வார்.

பழைய படைப்பிரிவு வாரியாகப் பிரிக்கலாமா, வீட்டு வட்டாரம் வாரியாகவா என்று எல்லாச் சங்கங்களும் சண்டை போடும். வட்டாரம் வாரியாகத்தான் பிரிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அழைப்பை எடுக்காதவரின் வீட்டுக்கு யாராவது நடந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். பொங்கோலில் இருப்பவர் ஜூரோங் வெஸ்ட்டுக்கு அன்றே போக மாட்டார்.

அழைப்பவருக்குத் தேவை ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். ஆளுக்கு ஒரு பக்கம். மேலே அவரை எல்லாரும் கூப்பிடும் பெயர், புளோக், வீட்டு எண். அடுத்து, எந்த நேரத்தில் அழைத்தால் எடுப்பார், எந்தக் காது நன்றாகக் கேட்கும், அவசரத்துக்கு யாரை அழைப்பது. அதன் கீழே மூன்று பத்தி: அழைத்த தேதி, அவர் சொன்னது, நாம் செய்வதாகச் சொன்னது. இந்த மூன்றாவது பத்தியை விட்டால் நோட்டு வெறும் வருகைப் பதிவேடாகிவிடும். "14ஆம் தேதி முழங்காலுக்கு ஸ்கேன்" என்று எழுதியிருந்தால், 15ஆம் தேதி "ஸ்கேன் என்னாச்சுண்ணே?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்காகவே மனிதர் அடுத்த கூட்டத்துக்கு வருவார்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு ஐந்து நிமிடம் போதும். சந்தாவில் தொடங்காதீர்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "இருக்கேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "நேத்து மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். கீழே காப்பிக்கடையில் என்றால் நடமாட்டம் இருக்கிறது. மகள் கொண்டுவந்தாள் என்றால் வீட்டில் ஆள் இருக்கிறது. "பிஸ்கட்டும் டீயும்தான், பசிக்கலை" என்றால் அந்த வாரமே நேரில் போங்கள்.

தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை முதியவர்கள் எடுப்பதில்லை. மோசடிக்குப் பயந்து அப்படித்தான் செய்யச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆகவே முதல்முறை நேரில் பார்க்கும்போதே உங்கள் எண்ணை அவருடைய கைப்பேசியில் பெயரோடு பதிந்துவிடுங்கள். அழைக்கும் கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். செவ்வாய் மாலை 5 மணி என்றால் செவ்வாய் மாலை 5 மணிதான்.

எடுக்கவில்லையா? அன்று இரவு ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை, பிறகு அவசரத் தொடர்பாளருக்கு. அவரும் எடுக்காவிட்டால் 48 மணி நேரத்துக்குள் வீட்டு வாசலில் நில்லுங்கள். தபால் பெட்டி நிரம்பியிருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேளுங்கள். யாரும் பார்க்கவில்லை, உள்ளிருந்து பதிலும் இல்லை என்றால் 999இல் காவல்துறையை அழையுங்கள். கதவை நீங்கள் உடைக்கப் போகாதீர்கள்.

காது விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். துப்பாக்கிச் சுடுதளத்திலும் பீரங்கிப் பிரிவிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கும், வயதும் சேர்ந்துகொள்ளும். இந்த வகைக் குறை முதலில் உயர்ந்த ஒலிகளைத்தான் தின்னும். பேச்சு கேட்கும், ஆனால் ச, ஸ, த போன்ற எழுத்துகள் தேய்ந்து சொல் விளங்காது. "எல்லாரும் முணுமுணுக்கிறாங்க" என்று ஒருவர் குறைப்பட்டால் காரணம் அதுதான். அவர் கூட்டத்துக்கு வராததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சத்தம் போட்டால் போதாது. முகம் பார்த்து, நிதானமாகப் பேச வேண்டும். கூட்டத்தில் முன்வரிசையில், மின்விசிறிக்குத் தள்ளி இடம் கொடுங்கள். "எனக்குக் குரல் பெரிசு, மைக் வேண்டாம்" என்று சொல்லும் தலைவர்களின் கையிலும் மைக்கைத் திணித்துவிடுங்கள்.

இந்த ஏற்பாடு எங்கே உடையும்? ஆர்வக்கோளாறில் ஒருவரே 25 பேரை எடுத்துக்கொள்வார். இரண்டு மாதத்தில் களைத்து விட்டுவிடுவார், 25 பேரும் ஒரேயடியாகக் கைவிடப்படுவார்கள். ஆறுக்கு மேல் யாருக்கும் தராதீர்கள். மாதம் ஒருமுறை அழைப்பாளர்கள் காப்பிக்கடையில் உட்கார்ந்து நோட்டை ஒப்பிடட்டும். அழைப்பாளர் மருத்துவரும் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. வாழ்வதில் பிடிப்பில்லை என்று ஒருவர் பேசினால் கேட்டுக்கொண்டு, தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767 எண்ணை அவரோடு சேர்ந்தே அழையுங்கள். அது 24 மணி நேரமும் இயங்குகிறது.

நோட்டில் உள்ளவை தனிப்பட்ட தகவல்கள். உறுப்பினரின் ஒப்புதலோடுதான் எழுத வேண்டும், படம் பிடித்துக் குழுவில் போடவே கூடாது. அடையாள அட்டை எண்ணைச் சங்கங்கள் வேண்டியபடி சேகரித்த காலம் 2019 செப்டம்பர் 1ஆம் தேதியோடு முடிந்தது. பழைய விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பை மூட வேண்டாம். நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய அறிவிப்புக் குழு ஒன்று, அரட்டைக்கு ஒன்று என்று இரண்டாக்குங்கள். முருகன் இரண்டாவதில் இருக்கட்டும்.

கேள்வி: இளையவர்கள் சேர மாட்டேன் என்கிறார்கள். ஒருவர் வந்தால் ஒரே கூட்டத்தோடு சரி. எங்கள் காலத்துக்குப் பிறகு சங்கத்தை யார் பார்ப்பது?
– தலைவர், தோ பாயோ

பதில்: முதலில் ஒரு கணக்கு. முழுநேர தேசிய சேவைக்கு முதல் அணி 1967 ஆகஸ்ட் 17ஆம் தேதி முகாமுக்குள் போனது. அவர்கள் 1949ஆம் ஆண்டின் முதல் பாதியில் பிறந்தவர்கள். அரசு முன்னோடித் தலைமுறை என்று குறிப்பவர்களின் கடைசிப் பிறப்பு ஆண்டும் அதுதான். அடுத்து வந்த மெர்டேக்கா தலைமுறை 1950களில் பிறந்தது. உங்கள் செயற்குழு இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். நீங்கள் கூப்பிடும் 'தம்பி' 1980களில் பிறந்தவர். அதிகாரிகளாக இல்லாதவர்களுக்குத் தேசிய சேவைக் கடப்பாடு 40 வயதில் முடிகிறது, அதிகாரிகளுக்கு 50. நடுவே இருப்பது அப்பாவுக்கும் மகனுக்கும் உள்ள இடைவெளி. ஒருவரின் நினைவில் எம்16 துப்பாக்கி, மற்றவரின் நினைவில் சார் 21.

தனியாக ஒருவரை அழைப்பதுதான் முதல் தவறு. இருபது பெரியவர்களுக்கு நடுவே ஒற்றை இளைஞர் ஒருமுறைதான் வருவார், அதுவும் மரியாதைக்காக. ரிசர்விஸ்ட் பயிற்சிகளை முடித்த ஒரு பிரிவு, தற்காப்பு அமைச்சின் சேமப் படையான மின்டெஃப் ரிசர்வுக்கு மாறும் ஆண்டைப் பிடியுங்கள். பத்து ஆண்டுகள் சேர்ந்து முகாமுக்குப் போனவர்கள், அவர்களின் குழு அரட்டை அப்போது உயிரோடு இருக்கும், அடுத்து எங்கே சந்திப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் குழுவில் நான்கைந்து பேரை ஒன்றாக அழையுங்கள். அதில் மலாய், சீன நண்பர்கள் இருந்தால் அவர்களும் வரட்டும். தமிழில் பேசும் சங்கம் என்பதற்காகப் பிளட்டூனில் பாதியை வாசலில் நிறுத்தினால் மீதிப் பாதியும் உள்ளே வராது.

இரண்டாவது தவறு, வந்தவுடன் "தம்பி, அந்த நாற்காலியைக் கொஞ்சம் எடுத்துப் போடுங்க" என்பது. மூன்றாவது, அதற்கு நேர்மாறாக, வந்தவுடன் துணைச் செயலாளர் பதவியைத் தலையில் கட்டுவது. இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது: தொடக்கமும் முடிவும் உள்ள, இரண்டு மணி நேர வேலை. கண் மருத்துவமனைக்கு ஒரு மூத்தவரைக் காரில் அழைத்துப் போய் வருவது. ஐந்து பேரின் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி, அரசு இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் நுழைவைச் சரிசெய்து தருவது. வேலை முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அடுத்ததை அவரே கேட்பார். கேட்காவிட்டாலும் ஒரு வேலை முடிந்தது லாபம்.

இருதரப்பையும் கட்டிப்போடும் வேலை என்றால் பழைய புகைப்படங்கள்தாம். மூத்தவர் ஒருவர் பிஸ்கட் டின்னோடு வரட்டும், இளையவர் ஸ்கேனரோடு. அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ போதும். கோப்பின் பெயரில் ஆண்டு, பிரிவு, இடம் இருக்க வேண்டும். அப்போதே படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாகக் கேட்டுப் பதிவுசெய்துவிட வேண்டும். படத்தின் பின்புறத்தில் எழுதுவதென்றால் மென்மையான பென்சில். பந்துமுனைப் பேனா அழுத்தம் முன்பக்கம் புடைத்துவிடும், மையும் கசியும். பெயர் கேட்கும்போது கைப்பேசியின் ஒலிப்பதிவை, அவருடைய ஒப்புதலோடு, ஓட விடுங்கள். ஒரு படத்துக்குப் பத்து நிமிடக் கதை வரும். 45 நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் குரல் தளர்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள், கைப்பேசியை விமானப் பயணப் பயன்முறையில் வையுங்கள். நம் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைப் பதிவுசெய்து வருகிறது. அவற்றில் சிலவற்றைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் எப்படிக் கேள்வி கேட்பது என்பது பிடிபடும்.

சங்கத்துக்குள் பழைய பதவியைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வாரன்ட் ஆபீசராக ஓய்வுபெற்றவரும் கார்ப்பரலாக வெளியே வந்தவரும் ஒரே சந்தாதான் கட்டுகிறார்கள். அண்ணே, தம்பி, ஐயா போதும். சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் இருக்கும். நாற்பது வயதுக்காரரை அப்போது கூப்பிட்டால் வரமாட்டார், அது அவர் குற்றமல்ல.

கேள்வி: பொருளாளர் தம் சொந்த பேநவ் எண்ணில், அதாவது கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றத்தில், சந்தா வாங்குகிறார். நல்ல மனிதர், ஒரு காசு தவறியதில்லை. இது பரவாயில்லையா?
– உறுப்பினர், அங் மோ கியோ

பதில்: பரவாயில்லை அல்ல. நல்ல மனிதர் என்பதாலேயே நிறுத்துங்கள். அவர் திடீரென மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தப் பணம் அவருடைய கணக்கில் அவருடைய பணமாக நிற்கும், குடும்பத்தாரிடம் போய்க் கணக்குக் கேட்பீர்களா?

பதிவுசெய்த சங்கத்துக்கு யுஇஎன் என்னும் அடையாள எண் இருக்கிறது. சங்கத்தின் வங்கிக் கணக்கோடு அதை பேநவ்வில் இணைத்துவிட்டால் ஒரு கியூஆர் படம் போதும். அனுப்புபவர் குறிப்பில் உறுப்பினர் எண்ணையும் ஆண்டையும் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எந்தக் குமார் கட்டினார் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். பணம் வெளியே போக இருவர் ஒப்புதல், அந்த இருவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. கைச்செலவுக்கு 200 வெள்ளி போல ஒரு சிறு தொகையை நிர்ணயித்து, ரசீது கொடுத்தால்தான் மறுபடி நிரப்புவது என்று வையுங்கள். ரொக்கமாகத் தரும் மூத்தவர்களுக்கு அங்கேயே நகல் ரசீது.

மாதிரி விதியில் எல்லாப் பொறுப்பாளர்களும் தொடர்ந்து அதே பதவிக்கு வரலாம், பொருளாளரைத் தவிர. அந்த விதியைச் சுற்றிவர இரண்டு பேர் பொருளாளரும் துணைப் பொருளாளருமாக மாறி மாறி உட்காரும் சங்கங்கள் உண்டு. விதியின் நோக்கம் அதுவல்ல.

கேள்வி: இந்த முறை 35 மூத்த உறுப்பினர்களை நினைவஞ்சலிக்கு அழைத்துச் செல்ல நினைக்கிறோம். கிராஞ்சியா, பீச் ரோடா? பேருந்து, சாப்பாடு, நிகழ்ச்சி வரிசை எல்லாம் சொல்லுங்கள்.
– ஏற்பாட்டாளர், செம்பவாங்

பதில்: முதல்முறை என்றால் பீச் ரோடு. இரண்டாம் உலகப் போரில் மாண்ட குடிமக்களுக்கான நினைவுச் சின்னம் அங்கே சமதரையில் இருக்கிறது, சக்கர நாற்காலி தள்ள எளிது. 1967 பிப்ரவரி 15ஆம் தேதி திறக்கப்பட்ட அந்த நான்கு தூண்களுக்கு அடியில் பெயர் தெரியாதவர்களின் எலும்புகள் 606 தாழிகளில் இருக்கின்றன என்பதை அங்கே நின்று சொல்லுங்கள். பலர் தூண்களைப் பேருந்திலிருந்து பார்த்ததோடு சரி.

கிராஞ்சிப் போர் நினைவகம் குன்றின் மேல் இருக்கிறது. நவம்பரில் நினைவு ஞாயிறு நிகழ்ச்சி அதிகாலையிலேயே தொடங்கும், கூட்டமும் இருக்கும். அது வேண்டாம் என்றால் சாதாரண நாளில் காலை 8.30க்குப் போகலாம், ஆனால் மலர்வளையத்தோடு ஏதேனும் நிகழ்ச்சி வைப்பதாக இருந்தால் இடத்தைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். சுவர்களில் 24,000க்கு மேற்பட்ட பெயர்கள். அதோடு திரும்பிவிடாமல் பின்பக்கம் போங்கள். எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினருக்கு, அங்கே தனி நினைவகம் இருக்கிறது. நம்மவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

35 பேருக்கு 40 இருக்கைப் பேருந்து போதும் என்று கணக்குப் போடுவீர்கள். ஐந்து பேருக்கு ஓர் உதவியாளர் என்றால் 7 பேர், மொத்தம் 42. எனவே 33 பேரோடு நிறுத்துங்கள், அல்லது கூடவே ஒரு வேன். ஏறும் இடங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். கைத்தடியோடு படியேற ஒருவருக்கு ஒரு நிமிடம் ஆகும். ஏறவே அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். மடக்கு சக்கர நாற்காலிகள் இரண்டை அடியில் போட்டுவையுங்கள். தேவையில்லை என்று சொன்னவர்தான் திரும்பும்போது கேட்பார்.

அதிகாலைப் பயணத்தில் நடக்கும் விபரீதம் பெரும்பாலும் நீரிழிவுக்காரர்களுக்குத்தான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "அங்க போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். நிகழ்ச்சி நீளும், சர்க்கரை இறங்கும், வியர்த்துக் கை நடுங்கும். பேருந்தில் ஏறியதுமே ஆளுக்கு ஒரு வாழைப்பழம், ரொட்டி, அரை லிட்டர் தண்ணீர் கொடுங்கள். உதவியாளர் பையில் இனிப்புப் பானப் பெட்டி நாலைந்து இருக்கட்டும். சர்க்கரை இல்லாத வகை இதற்கு உதவாது. கழிப்பறைக்குப் போய்வந்த பிறகுதான் அணிவகுப்பு.

மயங்கி விழுவதற்கு இன்னொரு காரணம் நிற்கும் விதம். அட்டென்ஷனில் முழங்காலை விறைத்து அசையாமல் நின்றால் இரத்தம் காலில் தேங்கித் தலைக்குப் போவது குறையும். சப்பாத்துக்குள் கால்விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பழைய சார்ஜென்ட் யாராவது "ஆடாதே" என்று அதட்டினால் அவரை உட்கார வையுங்கள். எல்லாருக்கும் நாற்காலி, மௌனத்துக்கு மட்டும் எழுந்தால் போதும், முடியாதவர் உட்கார்ந்தபடியே.

நிகழ்ச்சி 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். வரவேற்பு இரண்டு வரி. இந்த ஆண்டு மறைந்த உறுப்பினர்களின் பெயர்களை ஒருவர் வாசிக்கட்டும். உச்சரிப்பை முதல் நாளே குடும்பத்தாரிடம் கேட்டுவிடுங்கள். மூத்தவரும் இளையவரும் சேர்ந்து மலர்வளையம் வைக்கட்டும். பிறகு 'லாஸ்ட் போஸ்ட்' எக்காள இசை, ஒரு நிமிட மௌனம், 'ரெவெய்லி' இசை. இசையைக் கைப்பேசியிலிருந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் அந்தக் கைப்பேசியை விமானப் பயணப் பயன்முறையில் போட்டு, புளூடூத்தை மட்டும் இயக்குங்கள். மௌனத்தின் நடுவே ரஜினி பாட்டு ரிங்டோன் ஒலித்தால் அதைத்தான் பத்து வருடம் பேசுவார்கள். மௌனத்தைத் தொடங்கி முடிப்பவர் கைக்கடிகாரம் பார்ப்பவராக இருக்கட்டும். உள்ளுணர்வில் நிறுத்துபவர்கள் 25 நொடியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

சொந்தப் பதக்கங்கள் இடது மார்பில். தந்தையுடையதை, தாத்தாவுடையதை மகளோ பேரனோ அணிந்தால் வலது மார்பில்.

கேள்வி: நினைவஞ்சலி அன்று பழைய நம்பர் 4 களச் சீருடையை அணியலாமா? டி-சட்டையில் ஆயுதப்படைச் சின்னம் போடலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: இரண்டும் வேண்டாம். சீருடை பணிக்கு உரியது, சின்னம் படைக்கு உரியது. காலர் வைத்த ஒரே நிற டி-சட்டையும் அடர்நிறக் கால்சட்டையும் போதும். சங்கத்துக்கென்று சொந்தச் சின்னம் வரைவதானால் அச்சடிக்கும் முன் பதிவகத்தின் ஒப்புதல் வாங்குங்கள். 80 சட்டைகளை அச்சடித்த பிறகு கேட்காதீர்கள்.

கேள்வி: என் கணவர் பல ஆண்டுகள் சங்கத்தில் இருந்தார். அவர் போன பிறகு, பதினாறாம் நாள் வரை எல்லாரும் வந்தார்கள். அதன் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. நான் சங்கத்தில் சேர முடியுமா? அல்லது அது அவர்களுக்கு மட்டுமா?
– வாசகி, பொத்தோங் பாசிர்

பதில்: அம்மா, உங்கள் கணவரின் சங்கத்து விதியில் 'இணை உறுப்பினர்' என்று ஒரு பிரிவு இருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள். இருந்தால் சேரலாம், பெரும்பாலும் வாக்குரிமை மட்டும் இருக்காது. இல்லாவிட்டால், அடுத்த பொதுக்கூட்டத்தில் அதைச் சேர்க்கும்படி எழுதிக் கொடுங்கள். எழுத்தில் வந்தால் நிகழ்ச்சி நிரலில் ஏற்ற வைப்பது எளிது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மத்திய சேம நிதிப் பணம் உயிலுக்குள் அடங்காது. கணவர் யாரையாவது நியமித்திருந்தால் பணம் அவருக்கு நேரே போகும். நியமனம் இல்லாவிட்டால் பொது அறங்காவலர் அலுவலகம் வழியாக வாரிசுச் சட்டப்படி பிரியும். அங்கிருந்து கடிதம் வந்திருந்தால் பிரிக்காமல் வைத்துவிட வேண்டாம். படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் சங்கத்தில் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மற்ற சங்கங்களுக்கு: பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் வீடு காலியாகிறது. அழைப்பவரின் நோட்டில் இருபதாம் நாளைக் குறித்துவையுங்கள். இறந்தவரின் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். மேலே அவர் பெயருக்கு அடியில் மனைவியின் பெயரை, அவரிடம் கேட்டுக்கொண்டு, எழுதுங்கள். அழைக்கும் கிழமையும் நேரமும் முன்பு இருந்ததுதான்: செவ்வாய், மாலை 5 மணி.